அத்தான் இருந்த இடம்

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த புயல் முகாமின் கிணற்றடியில், பாலன் இளையதம்பியின் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுக் கட்டோடு சாய்த்து வைத்திருந்தான். மற்றக் கையில் மீன் வெட்டும் கத்தி.

"சொல்லடா! வாயைத் திறந்து சொல்லடா!"

இளையதம்பி கையை உயர்த்தவுமில்லை, வாயைத் திறக்கவுமில்லை. குத்துவதென்றால் குத்தட்டும் என்று விட்டவனைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகாமுக்குத் தொண்டு செய்ய வந்திருந்த சிவனேஸ்வரி விறாந்தையிலிருந்து ஓடிவருவதற்குள் முகாம் குசினியிலிருந்து சபூறா அகப்பையோடு வந்துவிட்டாள்.

"டேய், குடிக்கிற தண்ணியடா இது! ரத்தம் விழுந்தா இவ்வளவு சனத்துக்கும் நான் எங்க போய் அள்ளுறது? குத்துறதெண்டா அங்கால கடற்கரைக்குக் கொண்டுபோய்க் குத்து!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாலனின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அதற்குள் நாலைந்து பேர் பாய்ந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் திரும்பிக் கத்தினான்.

"அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் இவனுக்கு ஒரு முடிவு கட்டுறன்! இருந்து பாருங்கோ!"

பிடித்தவனும் பிடிபட்டவனும் அந்நியரல்லர். அறுபத்துநாலு மார்கழிப் புயலில் கடலோடு போன தில்லைநாதனுக்குப் பாலன் கூடப்பிறந்த தம்பி. இளையதம்பியோ தில்லைநாதனின் மனைவி இரஞ்சிதத்தின் தம்பி. அத்தானும் மச்சானும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவது அவர்கள் குடும்பத்தில் நெடுநாள் வழக்கம். கூட வருபவன் மனைவியின் தம்பி என்றால், தமக்கையின் தாலியை நினைத்தாவது அத்தானைக் கைவிடமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை.

புயல் ஓய்ந்தபின் இளையதம்பியை மட்டும் அளம்பில் பக்கத்துக் கரையில் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. இடுப்பில் ஒரு கயிறும் இருந்தது. கடல் பொல்லாததாகிவிட்டால் இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு தலைப்பிலும் தங்களைக் கட்டிக்கொள்வார்கள். இளையதம்பியின் இடுப்பிலிருந்த துண்டின் மறுதலைப்பு பிய்ந்திருக்கவில்லை. வெட்டப்பட்டிருந்தது. கடல் அறுத்த கயிறு எது, கத்தி அறுத்த கயிறு எது என்று அந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அன்றிலிருந்து இளையதம்பி தண்ணீர் கேட்டான், சோறு கேட்டான், பக்கத்தில் படுத்திருந்த கிழவருக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுத்தான். கடலில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

இரஞ்சிதம் அதே மண்டபத்தின் மற்ற மூலையில் இருந்தாள். தாலியைக் கழற்றவில்லை. தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பவுமில்லை.

சிவனேஸ்வரி முள்ளியவளைக்காரி. ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று முள்ளியவளையில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்தாள். சென்னையில் உளவியல் படித்தாள். திரும்பிவந்து கொஞ்சக் காலம் படிப்பித்துப் பார்த்தாள், கால் தரிக்கவில்லை. ஐம்பத்துமூன்றில் கப்பலேறி லண்டனுக்குப் போனாள். பகலில் படிப்பு, பின்னேரத்தில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்குச் சாப்பாடு ஊட்டும் வேலை. ஐம்பத்தாறில் ஹங்கேரியில் கலகம் மூண்டு சனங்கள் எல்லை கடந்து ஒஸ்திரியாவுக்கு ஓடிவந்தபோது, தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். பரீட்சையை விட்டுவிட்டுப் போனாள்.

அங்கே, குதிரை லாயமாக இருந்த ஒரு கட்டடத்தில், வயதான பெண் மருத்துவர் ஒருவர் அகதிகளை வட்டமாக இருத்தி நாடகம் போல ஒன்றைச் செய்விப்பதைக் கண்டாள். எழுதிவைத்த நாடகமல்ல. தாயை எல்லையில் விட்டுவந்தவன் ஒரு வெறுங்கதிரையைப் பார்த்துத் தாயோடு கதைப்பான். பிறகு அந்தக் கதிரையில் தானே ஏறியிருந்து, தாயாகத் தனக்கு மறுமொழி சொல்வான். வாரக்கணக்காக வாய் திறக்காதவர்கள் அங்கே கதறியதைச் சிவனேஸ்வரி பார்த்தாள். உளநாடகம் என்று அதற்குப் பெயர். அந்த மருத்துவரிடமே இருந்து பழகினாள். பிறகு ஜெனீவாவிலிருந்த ஒரு நிவாரண அமைப்பு அவளைத் துனிசியாவில் அல்ஜீரிய அகதிகளிடம் அனுப்பியது. நிலம் நடுங்கிய மொறோக்கோ நகருக்கு அனுப்பியது. எந்த முகாமிலும் இரண்டு மழைக்காலம் அவள் தொடர்ந்து நின்றதில்லை. வன்னியில் புயல் என்று கேள்விப்பட்டபோதுதான் முதல்முறையாக, என்னை அங்கே அனுப்புங்கள் என்று தானாகக் கேட்டாள்.

மருத்துவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் இரண்டை அவள் எங்கேயும் மீறியதில்லை. நடத்துபவர் இடையில் புகுந்து நடிக்கக் கூடாது. முடிவில், யார் யாராக இருந்தார்களோ அவர்களை அவர்களுடைய சொந்தப் பெயரைச் சொல்லி இறக்கிவிட வேண்டும்.

"உனக்கு என்னதான் வேலை, புள்ள?" என்று வந்த கிழமையே சபூறா கேட்டிருந்தாள். சபூறாவின் புருசன் கடையின் கூரையைப் புயல் கொண்டுபோயிருந்தது. கடை இல்லாதவள் முகாம் குசினியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சனத்தின்ர மனசிலை இருக்கிறதை வெளியிலை கொண்டுவாறது, சபூறா அக்கா."

"அதுக்கு ஏன் சீமைக்குப் போனாய்? எங்கட மாமியிட்ட விட்டிருந்தா ரெண்டு நாளில பழகியிருப்பியே."

கிணற்றடிச் சம்பவத்துக்குப் பிறகு சிவனேஸ்வரி தில்லைநாதனின் தகப்பன் வீரகத்தியிடம் போனாள். வீரகத்தி கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்தார். மடியில் அந்தக் கயிற்றுத் துண்டு.

"ஐயா, பொலிசிலை சொல்லுவமோ?"

"கடலிலை நடந்ததைப் பொலிசுக்காரன் என்னெண்டு பிள்ளை கேப்பான்? அவனுக்கு நீந்தத் தெரியுமோ?"

"அப்ப பாலனைத் தடுங்கோ."

"தடுக்கலாம். எத்தினை நாளைக்கு?" அவர் கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார். "என்ர மோன் எப்பிடிப் போனவன் எண்டு தெரியாமல் நான் அவனுக்குத் தண்ணி வாக்க மாட்டன். தெரிஞ்சால் ஒரு முடிவுக்கு வரலாம். தெரியாமல் இருந்தால் பாலன் அவனைக் கொல்லுவான். கொலை செய்துபோட்டு மறியலிலை, சிறையிலை கிடப்பான். எனக்கு ரெண்டு மோனும் இல்லை."

"இளையதம்பி சொல்லுறதுக்கு ஒரு வழி எனக்குத் தெரியும். ஆனால் பாலன் கத்தி கொண்டுவரக் கூடாது."

"எனக்கு முன்னாலை எடுக்கமாட்டான்," என்றார் வீரகத்தி. கொண்டுவர மாட்டான் என்று அவர் சொல்லவில்லை என்பதைச் சிவனேஸ்வரி பிறகுதான் கவனித்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் செய்வதாக ஏற்பாடு; குடும்பத்தவர் மட்டும்தான் என்று சொல்லியிருந்தாள். கதவைப் பூட்டிவிட்டுச் செய்வதுதான் முறை. ஆனால் அந்த மண்டபத்துக்குப் பாதிக் கூரை இல்லை, யன்னல்களுக்குப் பலகை இல்லை. மத்தியானம் திரும்பியதும் முகாமே வந்து சுற்றி இருந்துவிட்டது. பாயோடு வந்தார்கள், வெற்றிலைத் தட்டத்தோடு வந்தார்கள், பால்குடிப் பிள்ளைகளோடு வந்தார்கள். கூத்துப் பார்க்க வந்தவர்களைப் போல நடுவில் வட்டமாக இடம் விட்டு, கிழவர்களை முன்னால் இருத்தினார்கள்.

"மத்தளம் எங்கை, தங்கச்சி?" என்று ஒருவர் கேட்டார். "மத்தளம் இல்லாத கூத்தோ?"

"கூத்துப் பழக்கிற அண்ணாவியாரும் பொம்பிளையாம். நல்ல காலந்தான்."

அவர்களை எழுப்பி அனுப்பலாமா என்று சிவனேஸ்வரி ஒருகணம் யோசித்தாள். அனுப்பினால் இளையதம்பியை உள்ளே வைத்து ஏதோ சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள். எனவே உரத்துச் சொன்னாள்: "இது நடிப்புத்தான். இதிலை ஆர் என்ன சொன்னாலும் அது நடிப்பு. விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்," என்றார்கள் எல்லோரும்.

பிள்ளைகள் இருந்து படிக்கும் நீள வாங்கு ஒன்றை நடுவில் வைத்தாள். அதுதான் வள்ளம். இளையதம்பியை அதன் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். வந்து நின்றான். வள்ளத்தில் யார் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். அவனுடைய தாடை இறுகியது. விலகிப் போகப் பார்த்தவனின் வழியில் பாலன் நின்றான். இளையதம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியும். துனிசியாவில் பலமுறை செய்திருந்தாள். மற்றவரை முதலில் இருத்தினால், வாய் திறக்காதவர் அவருக்காவது மறுமொழி சொல்வார்.

"இரஞ்சிதம், நீங்கள் வாங்கோ. இதிலை உங்கட அவராக இருங்கோ. அவர் வள்ளத்திலை எப்பிடி இருப்பாரோ அப்பிடி."

இரஞ்சிதம் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாங்கின் தலைப்பில் ஒரு காலை மடித்து, மறு முழங்காலில் கையைப் போட்டு இருந்தாள். பிறகு குதிக்காலைச் சொறிந்தாள்.

"ஐயோ!" என்று ஒரு பெண் வீறிட்டாள். "அவன்தான்! அவன்ர இருப்பு!"

இரஞ்சிதம் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தாள். புயலுக்குப் பிறகு அவனை அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. அவள் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"என்னடா தம்பி? என்னை ஏன் அறுத்து விட்டனி?"

சனங்களுக்குள் ஒரு அசைவு ஓடியது. முன்னால் இருந்த கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். தலையில் துண்டு கட்டியிருந்தவர்கள் அதை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். மத்தளம் கேட்டவரும் எழுந்து நின்றார்.

தான் செய்த பிழை அப்போதுதான் சிவனேஸ்வரிக்கு விளங்கியது. லாயத்தில் ஒருவன் செத்த தாயின் கதிரையில் இருந்தால், அது கதிரை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். இங்கே அப்படியல்ல. முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவள் அவள். கோயில் வீதியில் உருவேறி ஆடுபவரிடம், என்ர மாடு எங்கை, என்ர மோன் எப்ப வருவான் என்று சனம் கேட்பதையும், சொன்ன சொல்லை அப்படியே போய்ச் செய்வதையும் பார்த்தவள். அதையெல்லாம் எப்படி மறந்தாள்? நடிப்பு என்று அவள் சொன்னதற்கு அவர்கள் ஓம் என்றது மரியாதைக்கு.

வீரகத்தி எழுந்தார். நடுவுக்கு வந்து, மருமகளுக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"மோனே," என்றார். "நீயே சொல்லு. இவனை என்ன செய்யிறது?"

பாலனின் கை இடுப்புக்குப் போனது.

இனி இரஞ்சிதத்தின் வாயிலிருந்து வரும் ஒரு சொல் போதும். இப்போதே அவளைப் பெயர் சொல்லி எழுப்பிவிடலாம். ஆனால் எழுப்பினால், செத்தவன் வந்து குற்றம் சொன்னான் என்பது அப்படியே நின்றுவிடும். இளையதம்பி இன்று தப்பினாலும் நாளைக்குத் தப்பமாட்டான்.

"இடம் மாறுங்கோ!" என்றாள் சிவனேஸ்வரி. அவளுக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. "ஐயா, பொறுங்கோ. அவர் சொல்ல முதல் இடம் மாறோணும். இரஞ்சிதம் இனி இளையதம்பி. இளையதம்பி வந்து அத்தான்ர இடத்திலை இருக்கோணும்."

இளையதம்பி தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. சிவனேஸ்வரிக்கு அதற்கு மேல் செய்ய எதுவும் தெரியவில்லை.

இரஞ்சிதம்தான் வாங்கின் தலைப்பிலிருந்து எழுந்து, தான் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அதே அடித்தொண்டைக் குரல்.

"வா. இதிலை இருந்து பார்."

கடலில் அத்தான் சொன்னதை ஒருநாளும் மறுத்தறியாதவன் அவன். வந்து இருந்தான்.

சிவனேஸ்வரி வீரகத்தியிடம் கையை நீட்டினாள். அவர் அந்தக் கயிற்றுத் துண்டைத் தரவில்லை. தானே குனிந்து ஒரு தலைப்பை மருமகளின் இடுப்பில் முடிந்தார். வெட்டிய தலைப்பை இளையதம்பியின் கையில் வைத்தார்.

"தில்லைநாதன்," என்று சிவனேஸ்வரி இளையதம்பியைக் கேட்டாள், "எங்கை இருக்கிறியள்?"

அவன் வெட்டிய தலைப்பைக் கையில் சுற்றினான். யன்னலுக்கு வெளியே கடல் கேட்டது.

"தண்ணிக்கை," என்றான் அவன்.

"வள்ளம்?"

"கவுண்டு போச்சு. என்ர கால்... வள்ளம் கால்லை அடிச்சுப் போட்டுது. உதைக்க ஏலாது." அவன் வாங்கிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்தான். கயிறு விறைத்தது. "இளையதம்பி! தம்பி! என்னை இழுத்துப் பிடி!"

இரஞ்சிதம் வாங்கைப் பற்றிக்கொண்டாள். அவன் முழுப் பாரத்தோடும் இழுத்தான். முடிச்சு அவள் வயிற்றை நெரித்தது. "இழுக்காதையுங்கோ!" என்று அவள் கத்தினாள். "நானும் தாழுறன், இழுக்காதையுங்கோ!" வாங்கு சரிந்து அவள் மேல் விழுந்தது. அவள் முழங்காலில் நின்று, பிறகு முழங்கையில் ஊன்றி, பிறகு முகம் குப்புற நிலத்தில் இழுபட்டாள். சபூறா பாய்ந்து வரப் பார்த்தாள். சிவனேஸ்வரி கையால் தடுத்தாள்.

"அறுக்காதை தம்பி!" இளையதம்பியின் குரல் இப்போது அவனுடையதாக இல்லை. "கத்தியை வை! உன்னைக் கும்பிட்டன், அறுக்காதை! இரஞ்சிதம் பார்த்துக்கொண்டிருப்பாள், அறுக்காதையடா!"

தன் பெயர் காதில் விழுந்தபோது இரஞ்சிதம் ஒருகணம் அசையாமல் கிடந்தாள். கயிறு மீண்டும் சுண்டி இழுத்தது. அவளுக்கு மூச்சு முட்டியது. வாய் மண்ணில் உரசியது. இரண்டு கையாலும் இடுப்புக் கயிற்றைப் பிடித்தாள். பிடித்து இழுத்து, நெளிந்து, தோல் உரிய உரிய அதைத் தொடைக்குக் கீழே தள்ளி, காலால் உதைத்துக் கழற்றினாள்.

இளையதம்பி பின்பக்கமாய்ப் போய் விழுந்தான். கயிறு அவன் மார்பின் மேல் விழுந்தது.

இரஞ்சிதம் எழுந்து இருந்து தன் கால்களைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. பிறகு மாமனாரைத் தேடிப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், தன்னுடைய குரலில். "நானும் விட்டிட்டன், மாமா."

இளையதம்பி கிடந்த கிடையில் "அறுக்காதை, அறுக்காதை" என்று முனகிக்கொண்டிருந்தான். சிவனேஸ்வரி அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்து தோளைத் தொட்டாள்.

"நீங்கள் தில்லைநாதன் இல்லை. நீங்கள் இளையதம்பி. நீங்கள் முல்லைத்தீவிலை, பள்ளிக்கூடத்திலை இருக்கிறியள். இளையதம்பி..."

அவனுக்குக் கேட்கவில்லை. வீரகத்தி வந்து மறுபக்கத்தில் இருந்தார்.

"இளையதம்பி," என்றார். "எழும்படா."

அவன் கண்ணைத் திறந்தான்.

"எந்தக் கால்?"

"வலது கால், மாமா. முழங்காலுக்குக் கீழை."

"கனநேரம் கத்தினவனோ?"

"ஓம்."

"அவனாக அறுக்கச் சொன்னவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்பமே. ஏன் சொல்லேல்லை?"

"அவர் சொல்லேல்லையே, மாமா." இளையதம்பி எழுந்து இருந்து முகத்தைத் துடைத்தான். "கும்பிட்டவர். கும்பிட்ட மனிசனை அறுத்தனான் எண்டு அக்காவுக்கு எப்பிடிச் சொல்லுறது? அறுக்கச் சொன்னவரெண்டு பொய் சொல்லவும் வாய் வரேல்லை."

வீரகத்தி கயிற்றை எடுத்துச் சுருட்டினார். சுருட்டி முடியும்வரை எல்லோரும் அவருடைய கையையே பார்த்தார்கள்.

"அந்தியேட்டிக்கு முதல் நீ இந்தக் கரையை விட்டுப் போ. உன்னைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. பாலன் உனக்குப் பின்னாலை வரமாட்டான்." அவர் மகனின் பக்கம் திரும்பினார். "வருவியோ?"

பாலன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். பெண்கள் விலகினார்கள். அவன் அதைத் தகப்பனின் காலடியில் போட்டுவிட்டு, யன்னல் வழியாகக் குதித்து வெளியே போனான்.

அன்று பின்னேரமே ஆட்கள் சிவனேஸ்வரியிடம் வரத் தொடங்கினார்கள். புயலில் ஆளை இழந்தவர்கள். ஒருத்தி வாழைப்பழச் சீப்போடும் கற்பூரத்தோடும் வந்தாள்.

"என்ர மனிசனையும் ஒருக்காக் கூப்பிட்டுத் தாருங்கோ, அம்மா. ஒரேயொரு கேள்விதான்."

"நான் ஆரையும் கூப்பிடேல்லை. அது இரஞ்சிதம்தான். சத்தியமாய் இரஞ்சிதம்தான்."

"ஓம் ஓம், நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்."

சபூறா வாழைப்பழத்தை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். "இனி உன்ர கூத்தையெல்லாம் என்ர குசினிக்குள்ள வைச்சுக்கொள்ளு, புள்ள. அங்க கதவு இருக்கு. ரெண்டு பேருக்கு மேல இருக்கவும் ஏலாது." அதற்குப் பிறகு முல்லைத்தீவில் இருந்த காலம் முழுவதும் சிவனேஸ்வரி அப்படித்தான் செய்தாள். யாரையும் செத்தவராக இருக்கச் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டு கதைக்கவைத்தாள். அது உளநாடகம்தானா என்று ஜெனீவாவிலிருந்து வந்தவர் ஒருவர் கேட்டபோது, அவளால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் சிவனேஸ்வரியின் தகப்பனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் வயல் செய்துகொண்டிருந்தார். கடலைப் பார்க்காத இடம். வேலைக்கு ஆள் வேண்டுமென்று சொன்னார். அந்தியேட்டிக்கு முதல் நாள் காலை, சிவனேஸ்வரி இளையதம்பியை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அவன் கையில் ஒரு சாரமும் சேட்டும் சுற்றிய பொட்டலம் மட்டும் இருந்தது. பஸ் வந்தது. ஏறி யன்னல் ஓரத்தில் இருந்தான். கண்டக்டர் மணியடிக்கப் போகும் நேரம், சந்தைப் பக்கமிருந்து இரஞ்சிதம் வருவதைச் சிவனேஸ்வரி கண்டாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

இளையதம்பி எழுந்திருக்கப் பார்த்தான். அவள் கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். யன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பஸ்ஸின் தகரத்தைப் பார்த்தாள்.

"அங்கை காய்ச்சல் கூடவாம்," என்றாள். "தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடி."

அவன் தலையாட்டினான். பஸ் புறப்பட்டது. அது முள்ளியவளைப் பக்கம் திரும்பி மறையும்வரை இரஞ்சிதம் அதே இடத்தில் நின்றாள். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதுதான் சிவனேஸ்வரியின் தொழில். அவள் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றாள்.